கப்பல் தலைவர் கொடுத்த புத்தர்

லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் பொன் மெருகிட்ட பர்மியப் புத்த விக்கிரகம் ஒன்று உண்டு. 1826-ம் வருஷத்தில் அதை நன்கொடையாக அளித்தவர் காப்டன் பிரெடரிக் மாரியட். பின்னாளில் கடற்கதைகள் எழுதிப் பேர்பெற்ற அதே மாரியட்தான். நன்கொடை! தன் பொருளைக் கொடுப்பவனுக்கே தகும் சொல் அது.

1824 மே 11-ந் தேதி ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்தபோது, 'லார்ன்' என்னும் போர்க்கப்பலின் தலைவராக மாரியட் அங்கிருந்தார். ஆனால் கரையில் இறங்கிய சேனையின் பெரும்பகுதி எங்கிருந்து போயிற்று? நம் சென்னையிலிருந்துதான். அக்காலத்தில் இங்கே துறைமுகம் கிடையாது. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் எவரும் அலைகடந்து கப்பலேற வேண்டும். அப்படகோட்டிகளின் ஊர் ராயபுரம். அவர்கள் எழுப்பிய ராயப்பர் கோயில் இன்றும் நிற்கிறது. அதே வருஷம் நவம்பர் 2-ந் தேதி, பர்மாவுக்குப் புறப்பட மறுத்த வங்காளச் சிப்பாய்கள் பாரக்பூரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சென்னைச் சிப்பாய்களோ கடல் கடந்தனர். இரு தரத்தாரில் எவரையும் நாம் பழிக்கவில்லை. கூலிக்கு உழைத்தவர்கள், அவர்களில் பல்லாயிரவர் நோயால் மாண்டனர். அவர்கள் பெயர் எந்த மியூஸியத்திலும் இல்லை.

ரங்கூனில் நடந்ததென்ன? ஷ்வேடகோன் பகோடா படைமுகாமாயிற்று. புதையலைத் தேடி அதைத் தோண்டினார்கள். 1779-ல் வார்க்கப்பட்ட பெருமணியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக முயல, அது ஆற்றில் அமிழ்ந்தது. பர்மியர் அதை மீட்டுத் திரும்ப ஏற்றினர். சிறிய விக்கிரகங்களுக்கு அந்தப் பாக்கியமில்லை.

இவற்றுள் சிலவற்றைச் செய்யும் விதம் வியக்கத்தக்கது. களிமண் உருவின்மேல் 'தித்ஸி' மரப்பாலில் தோய்த்த துணியை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். ஒவ்வோர் அடுக்கும் உலரப் பல நாள் காத்திருந்து, முடிவில் உள்மண்ணை நீக்கித் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். எடை குறைவு, உற்சவத்தில் தூக்கிச் செல்ல ஏற்றது. கொள்ளைக்காரனுக்கும் அதுவே வசதியாயிற்று போலும்!

பத்தூர் நடராஜரை லண்டனில் வழக்காடி 1991-ல் மீட்டோம். ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். நம் விக்கிரகங்களைக் கேட்கும் நாவால், நம்மவர் படகேறிச் சென்று வென்று கொடுத்த நாட்டின் பொருளைப் பற்றியும் பேச வேண்டாமா? 1885-ல் மாந்தலையில் எடுத்த அரச சின்னங்களை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியம் 1964-ல் பர்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. மாரியட்டின் புத்தர் லண்டனிலேயே இருக்கிறார்.