துவக்கும் குறிப்பேடும்

மன்னாரில் இருந்து பூநகரி நோக்கிப் போகும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவுக்கு முன்னால் வருகிற சிற்றூர் பாப்பாமோட்டை. மேற்கே சதுப்பும் கண்டலும் கடலும். கிழக்கே வயல், வயலைத் தாண்டினால் வன்னிக் காடு. இந்தக் கரையில் உள்ள வயதானவர்களிடம் காட்டைப் பற்றிக் கதை கொடுத்துப் பாருங்கள். "எங்கட அப்பு ஒரு வெடியில மரை விழுத்தின ஆள்" என்று ஒரு கதை கட்டாயம் தொடங்கும். கோடையில் எந்த மோட்டையில் கடைசிவரை தண்ணீர் நின்றது, எந்தப் பாலை மரத்தில் பரண் கட்டினார்கள், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் இருந்து அடித்தது, இறைச்சியில் யார் யாருக்குப் பங்கு போனது, எல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கும். எழுத்தில் மட்டும் எதுவும் இருக்காது.

இதே நிலத்தில் வேட்டையாடிய ஒரு வெள்ளைக்காரரின் கதையோ 170 வருடங்களாக அச்சில் இருக்கிறது. சாமுவேல் பேக்கர் 1840களின் நடுவில் வேட்டைக்கென்றே இலங்கைக்குக் கப்பல் ஏறியவர். பிறகு நுவரெலியாவில் குடியேறி 1855 வரை இருந்தார். இலங்கையில் தான் ஆடிய வேட்டைகளைப் பற்றி 1854இல் அவர் வெளியிட்ட நூலில், பாப்பாமோட்டைக்கு வடக்கே இதே வீதியில் இருக்கும் இலுப்பைக்கடவையின் பெயர் வருகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டல் நம் வாய்க்கு அந்நியமாக இருந்தாலும் ஊர் நம்முடையதுதான். இங்கே பழகிய கையோடு அவர் போன இடம் ஆபிரிக்கா. அங்கே இரலைகளையும் யானைகளையும் துரத்தியபடி நைல் நதியின் கிளைகளைத் தேடி அலைந்த கதையை 1867இல் இன்னொரு நூலாக எழுதினார். ஒரு வேட்டைப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது, முடிந்த பிறகு அதன் நினைவை எப்படிக் காப்பது என்பதற்கு நம் மண்ணோடு தொடர்புள்ள மிகப் பெரிய உதாரணம் அவர்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் சுட்ட கணக்கை என்னால் பாராட்ட முடியாது. அது இலங்கைக் காடுகளைச் சூறையாடிய காலம். யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் ரெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். மானும் மரையும் தோலுக்காகவும் கொம்புக்காகவும் கூட்டம் கூட்டமாக விழுந்தன. 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் எழுந்தபோது அதைத் தொடங்கியவர்களில் வேட்டைக்காரர்களே முன்னின்றார்கள். சுடுவதற்கு இனி ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் அவர்களுக்குத்தான் முதலில் வந்தது. அந்தச் சங்கம் இன்றைக்கும் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக இயங்குகிறது. வனவிலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் பேக்கர் பயணத்துக்குத் தன்னைத் தயார்ப்படுத்திய விதம் வேறு விஷயம். அதைப் படிக்கத்தான் வேண்டும். இலங்கைக்கு வர முன்பே பிரிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் சொல்லிச் செய்வித்த ஒற்றைக்குழல் துவக்கு அவரிடம் இருந்தது. அதன் எடை 21 இறாத்தல், ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. அதைச் சுமந்துகொண்டு முட்காட்டில் நடப்பதற்கே தனி உடம்பு வேண்டும். 1861 ஏப்ரலில் பின்னாளில் மனைவியான ஃபுளோரன்சுடன் கெய்ரோவில் இருந்து புறப்பட்டபோது, நைலின் மூலத்தைத் தேடி அவர் நேராக ஓடவில்லை. அரபு மொழி தெரியாமல் உள்ளே போவதில் பயனில்லை என்று கண்டு, அபிசீனிய எல்லையோரம் அத்பரா ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ ஒரு வருடம் தங்கினார். மொழி படித்தார். அங்குள்ள ஹம்ரான் வேட்டைக்காரருடன் பழகி நிலத்தையும் விலங்கையும் அறிந்தார். 1864 மார்ச்சில் அல்பேட் ஏரியைக் கண்ட பெருமை அந்த ஒரு வருடத்தின் மேல்தான் நின்றது.

அத்பராவில் அவர் கண்ட ஒரு காட்சி மன்னார்க்காரருக்குச் சட்டென்று விளங்கும். கோடையில் ஆறு முழுவதும் மணல். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேங்கிய குட்டைகளில் முதலையும் நீர்யானையும் ஒடுங்கிக் கிடக்க, சுற்றுவட்டாரத்து இரலைகள் எல்லாம் தண்ணீர் குடிக்க அங்கேயே வந்தன. 1861 ஜூன் மாதக் கடைசியில் ஓர் இரவு, தூரத்து இடிபோல ஒரு முழக்கம். ஆற்றுமணலில் படுத்திருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு கரையேறினார்கள். விடிந்து பார்த்தால் 500 யார் அகலத்தில், 15 முதல் 20 அடி ஆழத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்தது எங்கேயோ அபிசீனிய மலையில். இங்கே ஒரு துளி இல்லை. எங்கேயோ மேலே பெய்த மழைக்கு மன்னாரில் அருவியாறு பெருகி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மன்னாருக்கும் ஆபிரிக்காவுக்கும் இன்னொரு உறவும் உண்டு. மன்னார் பள்ளிமுனையில் நிற்கிற பெருக்கமரம் ஆபிரிக்க மரம். அடிமரத்தின் சுற்றளவு மட்டும் 19 மீற்றருக்கு மேல். அரபு வணிகர் கொண்டுவந்தது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். ஆபிரிக்காவில் அந்த மரத்தின் பூ இரவில் விரிந்து உதிரும். விடியற்காலையில் இம்பாலா இரலைகள் வந்து பொறுக்கித் தின்னும். மன்னார்த் தெருக்களில் திரிகிற கழுதையின் மூதாதையும் ஆபிரிக்கக் காட்டுக்கழுதைதான். மரமும் கழுதையும் கடல் கடந்து வந்த கரைக்கு இரலை மட்டும் வந்து சேரவில்லை. இலங்கைக் காட்டில் இரலையே கிடையாது. நம்மிடம் உள்ள புள்ளிமானும் மரையும் மான் இனம். வருடத்துக்கு ஒருமுறை கொம்பை உதிர்த்துப் புதிதாக வளர்க்கும், கொம்பு கிளை விடும். சருகுக்குள் ஓடி ஒளிகிற உக்குளானுக்குக் கொம்பே இல்லை. இரலையோ மாட்டுக் குடும்பம்; முளைத்த கொம்பே கிளையில்லாமல் கடைசிவரை கூடவே இருக்கும். உலகில் ஏறத்தாழ 90 வகை இரலைகள் உண்டு, பெரும்பாலானவை ஆபிரிக்காவில். ஐந்து கிலோ எடையுள்ள டிக்-டிக்கும் அந்த வகைதான், எருமைக்கடா அளவு வளர்கிற ஈலண்டும் அந்த வகைதான். பாப்பாமோட்டையில் இருந்து இரலை பார்க்க ஆபிரிக்கா வரை போகவும் தேவையில்லை. பாக்கு நீரிணைக்கு அக்கரையில், 1967இல் சரணாலயமான கோடியக்கரையில் வெளிமான் என்கிற இரலைக் கூட்டம் மேய்கிறது.

இருந்தாலும் ஆபிரிக்கப் பயணம் என்றால் மனது துள்ளத்தான் செய்யும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். துவக்கோடு போவதா, கமராவோடு போவதா என்பதுதான் முதல் கேள்வி.

கென்யா 1977இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. பொட்ஸ்வானா 2014இல் நிறுத்தி 2019இல் மறுபடி அனுமதித்தது. தென்னாபிரிக்காவிலும் நமீபியாவிலும் சட்டப்படி வேட்டையாடலாம். உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு கட்டணம், விழும் விலங்குக்குத் தனிக் கட்டணம். இரத்தம் கண்டால் காசு என்பது அங்கே வழக்கம். அடிபட்ட விலங்கு தப்பிப் போய்க் காட்டுக்குள் செத்தாலும் பணம் கொடுக்க வேண்டியதுதான். அந்த விதி நல்லது என்றே எனக்குப் படுகிறது, அவசரக்கையைக் கட்டிப்போடும். நமீபியாவில் 1996இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உள்ளூர் மக்களின் பாதுகாப்புக் குழுமங்களுக்கே இந்த வருமானத்தில் பங்கு போகிறது. காட்டு விலங்கால் பயிர் இழக்கிறவனுக்கே அந்த விலங்கால் வருமானமும் வரும் என்கிற ஏற்பாடு அது. அதை எதிர்ப்பவர்கள் அங்கேயும் உண்டு. கொம்பையும் தோலையும் ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் புறப்பட முன்பே சுங்கத்தையும் வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேட்டுத் தெளிவது புத்தி.

என் தெரிவு கமராதான். ஏன் என்று கேட்டால், வேட்டைக்காரனின் முழு வித்தையும் அதற்கும் வேண்டும். காலம் பார்க்க வேண்டும். ஆபிரிக்காவின் தென்பகுதியில் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரை மழை இல்லை. நமக்கும் அதே மாதங்கள்தான் கோடை. சோளகம் அடித்து மோட்டைகள் வற்றும் காலம். அங்கேயும் புல் காய்ந்து, இலை உதிர்ந்து, விலங்கெல்லாம் தண்ணீர் உள்ள இடத்துக்கு ஒதுங்கும். நுளம்பும் குறைவு, மலேரியாப் பயமும் குறைவு. காற்றையும் பார்க்க வேண்டும். வன்னி வேட்டைக்காரன் ஒரு பிடி புழுதியை விரல் இடுக்கால் விழவிட்டு அது சாயும் திசையைப் பார்ப்பான். அங்கத்தைய தடம் பார்ப்பவன் சாம்பல் நிரப்பிய சின்னத் துணிப்பையை இடுப்பில் வைத்திருப்பான். ஒரு தட்டுத் தட்டினால் சாம்பல் பறந்து காற்றைக் காட்டும். குடு இரலையின் முறுக்குக் கொம்பு எவ்வளவு பெரிதோ அதன் காதும் அவ்வளவு கூர்மை. பின்காற்றில் போனால் வாலைக்கூடப் பார்க்க முடியாது.

நமீபியாவில் 1907இல் காப்பிடமாக்கப்பட்ட எத்தோஷாவில், ஒகாகுவேயோ முகாமை ஒட்டி ஒரு தண்ணீர்க்குட்டை இருக்கிறது. இரவு முழுக்க அதற்கு விளக்கு. தாழ்ந்த சுவருக்கு இந்தப் பக்கம் ஆட்கள் வாய் பேசாமல் இருப்பார்கள். அந்தப் பக்கம் ஸ்பிரிங்பொக், ஜெம்ஸ்பொக், குடு, சில இரவுகளில் கறுப்புக் காண்டாமிருகம். பரணில் இருந்து மோட்டையைப் பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பயணத்தை நினைவாக்கும் வித்தையைப் பேக்கரிடமே படிக்கலாம். அன்றன்றைக்கு எழுதினார். எத்தனை மணிக்கு முழக்கம் கேட்டது, ஆற்றின் அகலம் எவ்வளவு, இறைச்சியை எப்படிக் கீறிக் காயவிட்டார்கள் என்று எழுதினார். கூட வந்த ஹம்ரான் வேட்டைக்காரரைப் பெயர் சொல்லி எழுதினார். தாஹேர் நூர், அபூ தோ, ஒரு கை சூம்பிப்போன ரோடர் ஷெரீஃப். குதிரையில் இருந்து குதித்து வாளால் யானையின் குதிநரம்பை வெட்டுகிற அந்த மனிதர்கள் நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் நம் கண்முன்னே நடமாடுகிறார்கள்.

வன்னியில் தடம் பார்த்தவர்கள் எங்கே? மான்தோல், மாட்டுத்தோல் கயிற்றால் காட்டு யானையின் காலில் சுருக்கு வீசிய பணிக்கர் எங்கே? வடக்கிலும் கிழக்கிலும் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த அவர்களின் துணிச்சலை ரெனன்ட் வியந்து எழுதியிருக்கிறார். தமிழில் நாம் எழுதியது மிகக் குறைவு. அந்தக் கதைகள் வாயில் இருந்தன. வாய்களோ சிதறிப் போயின. 1990 ஒக்டோபரில் விடத்தல்தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது பல கதைகள் அவர்களோடு புத்தளத்துக்குப் போயின. 2008இல் போர் இந்த வீதியால் வடக்கே நகர்ந்தபோது கரையூர்கள் வெறிச்சோடின. உரிமம் பெற்ற துவக்குகள் அதற்கு வெகுகாலம் முன்பே கைமாறிவிட்டன. இருந்த ஓரிரண்டு படங்களும் அப்போது வீட்டோடு போயின. திரும்பி வந்தவர்களுக்கு வேலியும் கிணறும்தான் முதல் கவலை. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்றைக்கு மானையோ மரையையோ சுடுவதும் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும். விடத்தல்தீவுக் கடலோரம் 2016இல் இயற்கை ஒதுக்கிடமாகிவிட்டது. மடு வீதிக் காடு 2015இல் தேசிய பூங்காவானது. ஆனால் உப்பும் மஞ்சளும் தடவி அடுப்புப் புகையில் மரை வத்தல் போட்ட கைப்பக்குவத்தைச் சொல்வதில் குற்றம் இல்லை. தென்னாபிரிக்காவில் வினாகிரியும் இடித்த மல்லியும் சேர்த்துப் பில்ரோங் என்று அதே வேலையைச் செய்து கடைகளில் விற்கிறார்கள். அதற்குப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. நம்முடைய வத்தலுக்கு ஒரு பக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை.

ஆபிரிக்கா போகிறவர்கள் போய்வாருங்கள். போக முன்பு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அப்பப்பாவிடமோ அம்மப்பாவிடமோ, புத்தளத்தில் இருக்கும் பழைய அயலவரிடமோ கைத்தொலைபேசியோடு போய் உட்காருங்கள். "வேட்டைக் கதை சொல்லுங்கோ" என்று மொட்டையாகக் கேட்டால் வீரக்கதைதான் வரும். எந்த மோட்டை, என்ன மாதம், யார் முன்னால் நடந்தது, என்ன துவக்கு, எத்தனை பங்கு, யார் வீட்டுக்குத் தலை போனது என்று கேளுங்கள். காட்டுக்குள் போனவர்கள் திரும்பும்வரை வீட்டில் காத்திருந்த பெண்களையும் கேளுங்கள். வத்தல் போட்டது அவர்கள்தான். பதிந்ததை நூலக நிறுவனத்துக்குக் கொடுங்கள். ஈழத்துத் தமிழரின் எழுத்தையும் வாய்மொழி வரலாற்றையும் அவர்கள் 2005 முதல் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். கதை தெரிந்தவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயது. அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.