ஓர் ஊசியும் அதன் வியாபாரமும்

மெமோகிராம் படத்தில் உப்புத்தூள் சிந்தியது போன்று சில வெள்ளைப் புள்ளிகள் தெரிவதுண்டு. மார்பகத்தில் படியும் கல்சியத் துணிக்கைகள் அவை. கையால் தடவிப் பார்த்தால் அகப்படமாட்டா. பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் நுண்ணியதாய்க் கொத்தாகவோ, கிளைவிட்ட கோடாகவோ இருந்தால் பாற்கானுக்குள் அடங்கியிருக்கும் ஆரம்பப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். இழையத்தை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

முன்னர் இதற்கு வழி சத்திரசிகிச்சையே. மெல்லிய கம்பியொன்றைச் செருகி, அது காட்டும் இடத்தை வெட்டியெடுப்பர். பலருக்குப் புற்றுநோய் இல்லையென்றே முடிவு வரும்; தழும்பும் செலவும் மிஞ்சும். பின்னர் வந்த வில்விசை ஊசியோ ஒரு குத்தலுக்கு ஒரு துண்டுதான் தந்தது. துணிக்கைகள் தப்பிவிடுவதும் உண்டு.

இந்தக் குறையில் ஒரு சந்தை இருந்தது. அமெரிக்கக் கதிரியக்க வைத்தியர் பிரெட் பேர்பாங்க், பொறியியலாளர் ஒருவருடன் சேர்ந்து உருவாக்கிய 'மெமொடோம்' 1995 இல் விற்பனைக்கு வந்தது. ஊசி ஒரு தடவைதான் உள்ளே போகும். அதன் பக்கவாட்டில் ஒரு வாய். வெற்றிட உறிஞ்சல் இழையத்தை அதற்குள் இழுக்க, சுழலும் கத்தி வெட்டி வெளியே அனுப்பும். ஊசியை எடுக்காமலே கடிகார முள்போல் திருப்பிப் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் பெறலாம். அவற்றை உடனே எக்ஸ்கதிரில் பார்த்து, கல்சியம் வந்திருக்கிறதா என்று உறுதிசெய்வர். விறைப்பூசி போதும், தையல் தேவையில்லை, அன்றே வீடு திரும்பலாம்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இனித்தான். இயந்திரம் ஒரு தடவை விற்கும். ஊசி ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது. பிரின்டரை விற்றுவிட்டு மையில் உழைக்கும் அதே கணக்கு. 1997 இல் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் அந்தக் கம்பனியையே வாங்கியது. 2010 இல் அது டெவிக்கோருக்குக் கைமாறியது. பின்னர் டனஹர் குழுமத்திடம் போனது. போட்டிக்கு ஹொலொஜிக் 2006 இல் சூரொஸ் கம்பனியை வாங்கிக் களமிறங்கியது.

ஊசியின் விலை நோயாளியின் பில்லில்தான் ஏறும். ஆகவே வீட்டில் யாருக்காவது இது எழுதப்பட்டால் மொத்தச் செலவை முன்கூட்டியே கேளுங்கள். தனியார் வைத்தியசாலையில் முதலிட நினைப்போருக்கும் ஒரு சொல்: இயந்திரம் மட்டும் போதாது. இடத்தைத் துல்லியமாகக் காட்டும் எக்ஸ்கதிர் வசதி, பழகிய கதிரியக்க வைத்தியர், துண்டுகளைப் படிக்கும் நோயியல் நிபுணர் மூவகையும் வேண்டும். படமும் பரிசோதனை முடிவும் ஒத்துப்போகாவிட்டால் மீண்டும் எடுக்க வேண்டிவரும். புற்றுநோய் உறுதியானால் சத்திரசிகிச்சைக்குப் போகத்தான் வேண்டும். ஊசி அதற்குப் பதிலாகாது.