மூடிய பகுதி திறவாது

சேலத்தில் 1986-லும் நாமக்கல்லில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தோன்றியதால், நம் உழவர் இல்லங்களின் பிள்ளைகளும் சொந்த மாவட்டத்திலேயே மருத்துவம் பயில வழி பிறந்துள்ளது. பட்டம் பெற்றபின் சிறப்பு மருத்துவம் கற்க விழைவோர் முதுநிலை நீட் தேர்வைக் கணினி முன் அமர்ந்து எழுதுகின்றனர். வினாக்கள் 200, நேரம் மூன்றரை மணி. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும்.

2024 முதல் இத்தேர்வு ஐந்து பகுதிகளாக நடைபெறுகிறது. ஒவ்வொன்றிலும் 40 வினாக்கள், 42 நிமிடங்கள். முன்னதாக முடித்தாலும் அடுத்த பகுதிக்குச் செல்ல இயலாது. நேரம் கடந்தபின் முந்திய பகுதிக்குத் திரும்பவும் இயலாது. போனதை எண்ணிக் கலங்குபவர் வருவதையும் இழப்பார்.

தேர்வறைக்கு வெளியிலும் சோதனைகள் உண்டு. 2024 ஜூன் 23 அன்று நிகழவிருந்த தேர்வு, முந்திய இரவில் ஒத்திவைக்கப்பட்டு, ஆகஸ்டு 11 அன்றே நடைபெற்றது. அதற்குள் வெளியூர் சென்று சேர்ந்திருந்தோர் பலர்.

ஆதலால், தேர்வெழுதித் திரும்பும் மகனிடமோ மகளிடமோ "எத்தனை சரி?" என்று வாசலிலேயே வினவாதீர்கள். முதலில் உணவு பரிமாறுங்கள், உறங்க விடுங்கள். கணினி மூடிவிட்ட பகுதியை வீட்டில் நாம் திறக்க வேண்டா.