பல்கலைக்கழகத்தில் அலுவல் தேடும் முறை

திருப்பூரை அடுத்த மங்கலம் போன்ற ஊர்களில் தொழில் தேடுவோர் நெடுந்தொலைவு அலைய வேண்டுவதில்லை. பனியன் கம்பெனியின் வாயிலில் ‘டெய்லர் தேவை’ என்னும் அட்டை தொங்கும். அறிந்தவர் ஒருவர் அழைத்துச் சென்று கூறினால் மறுநாளே இயந்திரத்தின் முன் அமரலாம். இவ்வழக்கில் வளர்ந்த நாம், பல்கலைக்கழகத்திலும் அவ்வாறே அறிந்தவரைத் தேடுகின்றோம். நகையை அடகு வைத்துத் தரகரிடம் பொருள் இழப்பதற்கு இவ்வெண்ணமே காரணமாகின்றது. ஆண்டு வாயிலைத் திறப்பது வெளியிடப்பெறும் அறிவிப்பு ஒன்றே.

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களுக்குரிய பாரதியார் பல்கலைக்கழகம் 1982-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் நிறுவப்பெற்றது. இத்தகைய கழகங்களில் ஆசிரியப் பணி நீங்கலாக, ஆராய்ச்சி அலுவல், ஆட்சி அலுவல் என இருவகை உள.

ஆராய்ச்சிக்குரிய வழிகள் இரண்டு. முதலாவது, பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு. முதுகலையில் நூற்றுக்கு 55 மதிப்பெண் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 50 போதும். இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். தமிழும் தேர்வுப் பாடங்களுள் ஒன்று. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வயது வரம்பு 30; பெண்டிர்க்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கும் 5 ஆண்டுத் தளர்வு உண்டு. 2023 ஜனவரி முதல் இத்தொகை திங்களுக்கு 37,000 ரூபாய். ஈராண்டு கழித்து, மதிப்பீட்டில் தேறினோர்க்கு 42,000. பிள்ளை மேற்படிப்புக்குச் சென்றால் சனிக்கிழமைச் சம்பளம் ஒன்று குறையுமே எனக் கலங்கும் இல்லங்களுக்கு இச்செய்தி பெரிதும் பயன்படும்.

இரண்டாவது, திட்டப் பணி. பேராசிரியர் ஒருவர் அரசு நிறுவனத்திடம் பொருள் பெற்று ஆராயுங்கால் துணைக்கு ஆள் வேண்டுவார். திட்டம் முடியும் நாளில் இப்பணியும் முடியும். ஆதலின் இதனை நிலையான அலுவலாகக் கருதலாகாது. ஆராய்ச்சிப் பயிற்சியாகக் கொள்ளுதல் தகும்.

ஆட்சி அலுவலகத்திற்குத் தலைவர் பதிவாளர். அவர்க்குக் கீழ் உதவிப் பதிவாளர் முதலாக எழுத்தர், தட்டச்சர் ஈறாகப் பலர் உளர். 2009-இல் திருவாரூரில் தோன்றிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் உதவிப் பதிவாளர்க்கு நூற்றுக்கு 55 மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டம் வேண்டும். கீழ்நிலை எழுத்தர்க்கு இளங்கலைப் பட்டத்தோடு, ஆங்கிலமாயின் நிமிடத்திற்கு 35 சொல் தட்டச்சிடும் திறன் வேண்டும். கல்லூரி நாளிலேயே மாலை வேளையில் தட்டச்சுப் பயில்வது இதற்கு உதவும்.

அறிவிப்புகள் அவ்வக் கழகத்தின் இணையதளத்தில் வெளிவரும். மத்திய நிறுவனங்களின் அறிவிப்புகளை ‘எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்’ வார இதழிலும் காணலாம். கல்வித் தகுதி, வயது, ஒதுக்கீட்டுப் பிரிவு, இறுதி நாள் ஆகிய நான்கையும் முதற்கண் நோக்குக. சாதிச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் முன்னரே கைவசம் இருத்தல் நலம். கட்டணம் உளதாயின் அறிவிப்பிற் கண்டவாறு கழகத்தின் கணக்கிற்கே செலுத்துக. தனியொருவர் கையில் ஒரு காசும் கொடுக்கற்க. அறிவிப்பை இறுதி வரி வரையில் படிக்கும் மாணவர்க்குத் தரகர் துணை வேண்டுவதில்லை.