சொல்லை எங்கே வெட்டுவது?

'அன்கான்ஸ்டிடியூஷனல்' என்று ஓர் ஆங்கிலச் சொல். அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று அர்த்தம். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி நமது சாசனம் அமலுக்கு வந்தது முதல், சுப்ரீம் கோர்ட்டு இந்த ஒரு சொல்லைச் சொன்னால் பார்லிமெண்டு இயற்றிய சட்டமும் செல்லாமல் போகிறது. இத்தனை வலிமையுள்ள சொல்லை நம்மவர் பலர் கூட்ஸ் வண்டித் தொடர்போல், எல்லா அசையையும் ஒரே கனத்தில் உருட்டிவிடுகிறார்கள். ஆங்கிலேயரைப்போல் பேசவேண்டும் என்பது நம் கட்சியன்று. ஆனால் அழுத்தம் இடம் மாறினால், கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகிறது.

அன்–கான்–ஸ்டி–டியூ–ஷ–னல்: ஆறு அசைகள். (நேரசை, நிரையசை என்று யாப்பிலக்கணத்துக்குப் போய்விட வேண்டாம், ஓர் உயிரொலியைச் சுற்றித் திரள்வதே இங்கே அசை.) நான்காவதாகிய 'டியூ'தான் ராஜா, அதை ஓங்கிச் சொல்லவேண்டும். 'கான்' மந்திரி. கடைசி இரண்டும் பாதி விழுங்கப்படும். அகராதிகள் பலவற்றில் ராஜாவுக்குத் தலைமாட்டிலும் மந்திரிக்குக் கால்மாட்டிலும் ஒரு சிறு கோடு இட்டிருக்கும்.

இது ஓசைக்காக வெட்டியது. நன்னூலார் பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்தாரே, அப்படிப் பொருளுக்காக வெட்டினால் கத்தி வேறிடத்தில் விழும். நிறுத்துதல் என்று பொருள்படும் லத்தீன் பகுதி. அதற்குமுன் 'சேர்த்து' என்னும் பொருளுள்ள 'கான்'. இரண்டும் கூடி 'கான்ஸ்டிடியூட்', அதாவது அமைத்தல். பிறகு 'அயன்' விகுதி சேர்ந்து பெயராகிறது. 'அல்' சேர்ந்து உரிச்சொல்லாகிறது. எல்லாம் முடிந்த பின்பே, பழைய ஆங்கிலத்துக்குச் சொந்தமான 'அன்' என்ற மறுப்பு முன்னே வந்து ஒட்டுகிறது. 'அல்' இல்லாத 'அன்கான்ஸ்டிடியூஷன்' என்றொரு சொல் வழக்கில் இல்லாததே இதற்குச் சாட்சி. 'ஷன்' ஒரு விகுதி என்று பலர் எண்ணுகிறார்கள். பகுதியின் ஈற்றிலுள்ள 'ட்', 'அயன்' வந்து சேர்ந்ததும் 'ஷ்' ஆகத் திரிந்தது, அவ்வளவுதான். சந்தியும் விகாரமும் நம் இலக்கணத்துக்கு மட்டும் ஏகபோகமல்ல!

விசேஷம் என்னவென்றால், அழுத்தத்துக்கு இடங்காட்டுவதும் இந்த விகுதிகளே. 'கான்ஸ்டிடியூட்' என்னும்போது ராஜா முதலசையில் இருக்கிறார். 'அயன்' சேர்ந்ததும் அதற்கு முந்திய அசைக்கு, 'டியூ'வுக்கு, வந்துவிடுகிறார். 'எஜுகேஷன்' என்பதில் 'கே' ஓங்குவதும் இதனால்தான். 'அல்' வந்தாலும், 'அன்' வந்தாலும் இங்கே அவர் அசைவதில்லை. ஆனால் கடைசியில் 'இடி' என்ற விகுதியைச் சேர்த்துக் 'கான்ஸ்டிடியூஷனாலிடி' என்று சொல்லிப் பாருங்கள்: ராஜா 'டியூ'வை விட்டு 'னா'வுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார்.