அடுப்படியில் ஒரு மோப்பக்காரன்

சமையல் காஸ் கசிந்தால் அலறும் பெட்டியை மாட்ட வந்த பையன், பரணுக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கப் போனான். "அங்கே வேணாம்ப்பா, தரையிலேர்ந்து ஒரு அடிக்குள்ளே மாட்டு" என்றேன். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்.

பெட்டிக்குள் மோப்பம் பிடிப்பது பெரும்பாலும் வெள்ளீய ஆக்ஸைடு. 1962-ல் ஜப்பானில் நவோயோஷி டாகுச்சி இதற்குக் காப்புரிமை கோரினார். சூடான அதன் துகள்களில் பிராணவாயு ஒட்டியிருக்கும்; காஸ் வந்து அதைப் பறித்ததும் மின்சாரம் தாராளமாய் ஓடும், அலாரம் அடிக்கும். துகள் நைஸாக நைஸாக மோப்பமும் கூடும். மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு! எந்த மிக்ஸியிலும் அப்படி அரைபடாது.

ஸ்பிரிட் ஆவிக்கும் சிலது அலறும்; கரி வடிகட்டி வைத்தது அவ்வளவாக ஏமாறாது, கேட்டு வாங்குங்கள். அலறினால், சகோதரிகளே, ஸ்விட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழந்தைகளோடு வெளியே வந்துவிடுங்கள்.