கள்வர் மணிக்குக் கறன்ட் எங்கிருந்து?

விதைநெல், நீரிறைக்கும் இயந்திரங்கள், மருந்தடிக்கும் கருவிகள் என்பன ஒரு பொதுக் களஞ்சியத்தில் கிடக்கும்போது, பல குடும்பங்களின் அடுத்த காலபோகமே அங்கு கிடக்கிறது. 2009 இல் கையில் அகப்பட்டதோடு விசுவமடுவை விட்டு வெளியேறி, முகாம்களில் இருந்து, திரும்பிவந்த பின் கடன்பட்டுச் சேர்த்த பொருட்கள் இவை. ஆகவே களஞ்சியத்துக்குக் கள்வர் மணி பூட்டுவது நல்ல யோசனையே. மணியின் விலையையும் சத்தத்தையும் விசாரிக்கும் நாம், அதற்குக் கறன்ட் வரும் வழியை விசாரிப்பது குறைவு.

கையில் கிடைத்த பிளக்கில் வயரைச் செருகிவிடுவதே பலர் செய்வது. மூடை ஏற்ற வந்தவர் தமது கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் போட அதைக் கழற்றுவார். திரும்பச் செருக மறப்பார். கள்வனுக்கு வேலை மிச்சம். மணிக்கென்று மின்பெட்டியிலிருந்து தனி பிரேக்கர், தனி வயர் வேண்டும். அது பிளக் இல்லாமல், 3 அம்பியர் பியூஸ் உள்ள நிலையான இணைப்பில் முடிய வேண்டும். அந்த இணைப்பும் மணிப்பெட்டியும் காவலுக்கு உட்பட்ட அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல் ட்ரிப் சுவிட்ச். ஈரம் பட்ட மோட்டார் ஒன்றால் அது விழுந்தால், முழுக் கட்டடமும் இருளும். மணிக்கு வரும் கறன்டும் நிற்கும். அதற்காக ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயர் இழுப்பது உயிராபத்து. மணியின் வழிக்குத் தனியான ட்ரிப் பாதுகாப்பை அனுமதி பெற்ற மின்வேலைக்காரரைக் கொண்டு போடுவியுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், 230 வோல்ற் மின்சாரத்தை மட்டும் நம்ப முடியாது. 1990 களில் வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். இப்போது கம்பி வந்துவிட்டது. ஆனால் கறன்ட் எப்போதும் வரும் என்றில்லை. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருண்டது.

எனவே உண்மையான காவல்காரன் மணிப்பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ற் பற்றரிதான். மெயின் கறன்டின் வேலை, 13.5 முதல் 13.8 வோல்ற் வரையில் அதை எப்போதும் நிரம்பிய நிலையில் வைத்திருப்பது. பெட்டி சும்மா விழித்திருக்க 100 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று வைத்தால், 7 அம்பியர்-மணி பற்றரி கணக்குக்கு 70 மணித்தியாலம் தாங்கும். பழைய பற்றரியில் பாதியைக்கூட நம்பவேண்டாம். சைரன் கத்தத் தொடங்கினால் பல மடங்கு இழுக்கும். காசை மிச்சம்பிடிக்க உழவு இயந்திரத்தின் பழைய பற்றரியைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள். பெட்டியில் உள்ள சிறிய சார்ஜருக்கு அது பெருஞ்சுமை. அடைத்த அறையில் அது விடும் வாயு தீப்பற்றக்கூடியது.

இடி மின்னல் காலத்தில் கம்பிவழி வரும் அதிர்ச்சி மணிப்பெட்டியை எரித்துவிடும். மின்பெட்டியில் மின்னல் தடுப்பானும் ஒழுங்கான ஏர்த் கம்பியும் அவசியம். மின்சாரம் எட்டாத வயற்கொட்டிலுக்குச் சிறிய சூரியத் தகடு போதும்; தகட்டையே கழற்றிக்கொண்டு போகாதபடி உயரத்தில் பூட்டுங்கள்.

மாதம் ஒருமுறை மாலையில் பிரேக்கரை நிறுத்தி, மறுநாள் காலை கதவைத் திறந்து சைரன் பலமாகக் கத்துகிறதா என்று பாருங்கள். அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பழக்கம் இன்னும் போகாதவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். பற்றரி வாங்கிய திகதியை அதன்மேல் அழியாத மையால் எழுதுங்கள். மூன்று, நான்கு ஆண்டுகளில் அதை மாற்ற வேண்டிவரும், தகரக் கூரையின் சூட்டில் இன்னும் முந்தி. அதற்கான பணத்தைக் கமக்காரர் அமைப்பின் இவ்வருடக் கணக்கிலேயே ஒதுக்கத் தொடங்கலாம்.